யாழ்ப்பாணம் கிட்டவா, மதுரை கிட்டவா?

(ஆதம்பாக்கம் பகுதிப் பள்ளிகளின் குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணக்கையும் புவியியலையும் சேர்த்து நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன விஷயம்தான். இரண்டு விமான நிலையங்கள். அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம், பறந்தால் எவ்வளவு நேரம். ஒன்று, நாள் முழுக்க நம் பாடத்துக்கு இடையே இரைச்சல் போடுகிற மீனம்பாக்கம். இன்னொன்று யாழ்ப்பாணத்துப் பலாலி.

முதலில் உங்களிடம் ஒரு கேள்வி. மீனம்பாக்கத்திலிருந்து வானத்தில் நேர்கோடு போட்டால் எது அருகில்? மதுரையா, யாழ்ப்பாணமா? மதுரை என்பவர்கள் கை தூக்குங்கள். சரி, பாதிக்கு மேல். எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு கையைத் தவிர எல்லாக் கைகளும் மதுரைக்குத்தான் எழுந்தன.

யாழ்ப்பாணம்தான் அருகில். அறுபது கிலோமீட்டர் குறைவு.

நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. மதுரைக்கு நாம் ரயிலில் போகிறோம். அங்கே மாமா வீடு இருக்கிறது. யாழ்ப்பாணம் வேறு நாடு, நடுவில் கடல். வகுப்பில் மாட்டியிருக்கும் தமிழ்நாட்டு வரைபடத்தில் இலங்கை இருக்காது; இருந்தாலும் மூலையில் பாதி வெட்டுப்பட்டு, உள்ளே ஓர் ஊர்ப்பெயரும் இல்லாமல் நிற்கும். பிள்ளைகளின் மனத்தில் தூரம் என்பது பழக்கத்தின் அளவு. கிலோமீட்டரால் அளக்கும் தூரம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இதை நான் "யாழ்ப்பாணம்தான்" என்று சொல்லி முடிக்கவில்லை. புவிமாதிரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஆறாம் வகுப்பிலேயே அட்சக்கோடு, தீர்க்கக்கோடு படித்தவர்கள் அவர்கள். ஆனால் படித்ததை வைத்து ஒரு தூரத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. கோடுகளின் பெயரைக் கேட்போம், பூமத்தியரேகை எத்தனை பாகை என்று கேட்போம், அதோடு பாடம் முடிந்துவிடும்.

மூன்று விமான நிலையங்களின் இருப்பிடத்தையும் கரும்பலகையில் எழுதினேன். விநாடிகளை விட்டுவிடுவோம். மீனம்பாக்கம்: வடக்கு 12 பாகை 59 நிமிடம், கிழக்கு 80 பாகை 10 நிமிடம். பலாலி: வடக்கு 9 பாகை 47 நிமிடம், கிழக்கு 80 பாகை 4 நிமிடம். மதுரை: வடக்கு 9 பாகை 50 நிமிடம், கிழக்கு 78 பாகை 5 நிமிடம். இது காலத்தின் நிமிடமல்ல, கோணத்தின் நிமிடம். ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தது. இதை நிறுத்திச் சொல்லாவிட்டால் பின்னால் நேரக் கணக்கு வரும்போது பெருங்குழப்பம் வரும்.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்க விட்டேன். மீனம்பாக்கமும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கக்கோட்டில் இருக்கின்றன. பலாலியும் மதுரையும் ஏறக்குறைய ஒரே அட்சக்கோட்டில் இருக்கின்றன. ஒன்று வடக்கு தெற்காக, மற்றது கிழக்கு மேற்காக. அப்படியானால் மூன்றையும் சேர்த்தால் என்ன உருவம் வரும்? பின்வரிசைப் பையன் ஒருவன் சொன்னான்: "செங்கோண முக்கோணம் மிஸ். செங்கோணம் பலாலியில."

அவ்வளவுதான், விடை வந்துவிட்டது. மீனம்பாக்கத்திலிருந்து மதுரைக்குப் போகும் கோடு கர்ணம். கர்ணம்தான் எப்போதும் பெரிய பக்கம். எந்தத் தூரத்தையும் அளக்காமலே, ஒரு பெருக்கல்கூடப் போடாமலே, யாழ்ப்பாணம்தான் அருகில் என்று நிரூபித்தாகிவிட்டது. பிதாகரஸ் தேற்றம் நடத்த இதைவிடப் பெரிய முக்கோணம் நம் ஊரில் கிடைக்காது.

பிறகு எண்களுக்கு வந்தோம். 12 பாகை 59 நிமிடத்திலிருந்து 9 பாகை 47 நிமிடம் போனால் 3 பாகை 12 நிமிடம். அதாவது 192 நிமிடம். அட்சக்கோட்டில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். விமானிகளும் மாலுமிகளும் கடல் மைலையும் நாட்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த வசதிதான். வரைபடத்தின் ஓரத்து அளவே அடிக்கோலாகிவிடும். 192-ஐ 1.852-ஆல் பெருக்கினால் 355.6 கிலோமீட்டர். தீர்க்கக்கோட்டில் இருக்கும் 6 நிமிட வித்தியாசத்தால் என்ன கூடும் என்று ஒருத்தி கேட்டாள். பக்கவாட்டில் அது சுமார் 11 கிலோமீட்டர். பிதாகரஸ் போட்டுப் பாருங்கள். மொத்தத் தூரத்தில் 200 மீட்டர்கூடக் கூடாது. 11 கிலோமீட்டர் விலகிப் போயும் 200 மீட்டர்கூடக் கூடவில்லை என்பதை அவர்களால் முதலில் ஏற்க முடியவில்லை. மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள்.

மதுரைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை. கிழக்கு மேற்காகப் போகும்போது ஒரு பாகையின் நீளம் வடக்கே போகப்போகச் சுருங்கும். பலாலியின் அட்சக்கோட்டில் அது சுமார் 109.7 கிலோமீட்டர். பத்தாம் வகுப்பாக இருந்தால் கொசைன் போட்டு அவர்களே கண்டுபிடிக்கலாம். எட்டாம் வகுப்புக்கு நான் எண்ணைக் கொடுத்துவிட்டேன். கீழ்ப்பக்கம் 217 கிலோமீட்டர், நிற்கும் பக்கம் 354 கிலோமீட்டர், கர்ணம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர்.

"355.6 வந்ததே, இப்போது ஏன் 354?" என்று நீங்கள் கேட்பீர்கள். வகுப்பிலும் கேட்டார்கள். கேட்காவிட்டால் நானே கேட்டிருப்பேன். 1.852 என்பது பூமி முழுமைக்கும் பொதுவாக வைத்துக்கொண்ட அளவு. பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் தட்டை. அதனால் அட்சத்தின் ஒரு பாகை நம் பக்கத்தில் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர். நம் பக்கத்து அளவை வைத்தால் 354 வரும்.

இந்த 110.6-ஐ முதன்முதலில் நம் பகுதியில் அளந்தவர் எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? இந்தக் கட்டடத்தின் மாடியில் ஏறி நின்றால் தெரியும் பரங்கிமலையிலிருந்துதான்.

1802 ஏப்ரல் 10. வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஒரு கோட்டை அளக்கத் தொடங்கினார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரத் தொட்டிகளில் படுக்கவைத்து, நிழல் கட்டி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். நூறடிச் சங்கிலியை ஏறக்குறைய நானூறு முறை வைத்து எடுத்தால் வருவது சுமார் 12 கிலோமீட்டர். அதற்கு 57 நாள் ஆனது. ஏப்ரல், மே மாதங்களில், சென்னை வெயிலில்! அந்தக் கோடு நம் ஆதம்பாக்கத்தின் ஓரமாகத்தான் போயிருக்க வேண்டும். அன்று வயலும் ஏரியும் பொட்டலுமாகக் கிடந்த இடம்.

அந்தக் கோட்டைச் சங்கிலியால் அளந்தார்கள். அதன் பிறகு கோணங்களை அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். லாம்டன் வெளியிட்ட ஓர் அறிக்கையே சோழமண்டலக் கரையில் ஒரு பாகையின் நீளம் எவ்வளவு என்பது பற்றியதுதான். இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவைக்கு இந்தக் கோட்டில் தொடங்கிய வேலையே அடித்தளம். லாம்டனுக்கு மலைமேல் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. தேவாலயத்துக்குப் போகும் பலர் அதைக் கவனிப்பதில்லை. சுற்றுலா என்றால் பேருந்து, அனுமதிக் கடிதம், சாப்பாடு என்று யோசிக்கும் நமக்கு, நடந்துபோகிற தூரத்தில் இப்படி ஓர் இடம்.

அந்த 57 நாள் தூரத்தை இன்று ஒரு சிறிய விமானம் எவ்வளவு நேரத்தில் கடக்கும்? மணிக்கு 500 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இப்போது நேரத்துக்கு வருவோம். எனக்கு மிக முக்கியமாகப்படுவது இந்தப் பகுதிதான்.

யாழ்ப்பாணத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72 வகை விமானம். இரண்டு இறக்கைகளிலும் விசிறி சுழலும், எழுபது பேர் அளவுக்கு உட்காரலாம். மேலே நேராகப் பறக்கும்போது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். 354-ஐ 500-ஆல் வகுத்தால் 42 நிமிடம். வகுப்பு மொத்தமும் சரியாகப் போட்டது. பிறகு பயணச்சீட்டில் அச்சிடும் நேரத்தைக் காட்டினேன். ஒன்றே கால் மணி நேரம். சிலவற்றில் அதற்கும் மேலே.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "மிஸ், இது புக் கணக்கு. அது நிஜக் கணக்கு."

நண்பர்களே, பல ஆண்டுகளாக நாம் பிள்ளைகளிடம் வளர்த்துவிட்ட எண்ணம் இது. வேகம் என்றால் தொலைவு வகுத்தல் காலம். ரயில் சீராக 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நிற்காது, நிலையத்துக்குள் மெதுவாக நுழையாது. அந்தக் கணக்கைத் தேர்வில் சரியாகப் போட்டுவிட்டு வெளியே வந்தால் எந்த ரயிலும் அப்படிப் போவதில்லை. உடனே, பள்ளிக்கூடத்துக் கணக்கு வேறு, உலகம் வேறு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த முடிவோடுதான் கணக்கை வெறுக்கத் தொடங்குகிறார்கள். அதனால் அந்த 42-க்கும் 75-க்கும் இடையே காணாமல்போன 33 நிமிடத்தைத் தேடுவதையே அடுத்த இரண்டு பாடவேளைக்குப் பாடமாக வைத்துக்கொண்டேன்.

முதல் செய்தி, சீட்டில் போட்டிருப்பது பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகர்ந்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரைக்கும் உள்ள நேரம் அது. மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை மட்டும் மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல். அதன் முனைவரை ஊர்ந்து போக வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும். தாமதம் வந்தால் சமாளிக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் நேரத்தைக் கூடுதலாகவும் போட்டுவைக்கும். சில நாள் விமானம் "சீக்கிரம்" போய்ச் சேருவது அதனால்தான்.

அடுத்தது திசை. ஓடுபாதையில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் அதன் திசைக்கோணம் கிடைக்கும். மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதையின் ஒரு முனை 07, மறுமுனை 25. அதாவது 70 பாகை, 250 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் ஏன் 180 என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்தால் 07-இல் கிழக்கு நோக்கி எழும்பும். ஆனால் பலாலி இருப்பது நேர் தெற்கே, ஏறத்தாழ 182 பாகையில். ஆகவே எழும்பியதும் வலப்பக்கம் 112 பாகை திரும்ப வேண்டும். மேல்காற்று வீசும் நாளில் 25-இல் எழும்பினால் இடப்பக்கம் 68 பாகை திரும்பினால் போதும். கோணமானியை வைத்துக் குறிப்பேட்டில் வரைந்தார்கள். மறுநாள் காலை பள்ளிக்கு வந்ததும் முதல் பேச்சு, இன்று எந்தப் பக்கம் எழும்புகிறது என்பதுதான். கடற்காற்றைப் பற்றி நான் தனியாக நடத்த வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஏற்றமும் இறக்கமும். விமானம் இறங்கும் சரிவு பொதுவாக 3 பாகை. 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து 3 பாகையில் இறங்கினால் எவ்வளவு தூரத்துக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும்? 3 பாகையின் டேன் மதிப்பு 0.0524. வகுத்தால் 95 கிலோமீட்டர். 354 கிலோமீட்டர் பயணத்தில் கால்வாசிக்கு மேல் இறக்கத்திலேயே போய்விடுகிறது. ஏறும்போதும் அப்படித்தான், வேகம் 500-ஐவிட நன்றாகக் குறைவு. பத்தாம் வகுப்பில் ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் நடத்துபவர்கள் கலங்கரை விளக்கத்தையும் கொடிக்கம்பத்தையும் கொஞ்சம் ஓய்வெடுக்க விடலாம். ஓடுபாதையிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, இறங்கும் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று கேளுங்கள். 157 மீட்டர். நம் பகுதியில் வீட்டின் உயரத்துக்கு ஏன் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் அன்று மாலையே வீட்டில் போய் விளக்கியிருக்கிறார்கள். ஒரு தந்தை வந்து என்னிடம் சந்தேகம் கேட்டார்!

ஒன்பதாம் வகுப்புக்கு இதையே நேரிய சமன்பாடாகக் கொடுக்கலாம். சென்னையிலிருந்து நேர்கோட்டில் சேலம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர், திருச்சி 295, யாழ்ப்பாணம் 355, மதுரை 415, தூத்துக்குடி 525. ஒவ்வொன்றுக்கும் சீட்டில் போட்டிருக்கும் நேரத்தை மாணவர்களே தேடிக் குறித்துக்கொண்டு, வரைபடத்தாளில் தூரத்தை எக்ஸ் அச்சிலும் நேரத்தை ஒய் அச்சிலும் புள்ளி வைக்கட்டும். ஏடிஆருக்கு ஒரு நிறம், ஜெட் விமானத்துக்கு ஒரு நிறம். இரண்டையும் கலந்தால் கோடு வராது. புள்ளிகள் ஏறக்குறைய ஒரு கோட்டில் அமையும். ஆனால் அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியே போகாது. எங்கள் பள்ளியில் போட்டபோது ஒய் அச்சை அரை மணி நேரத்தை ஒட்டி வெட்டியது. தூரம் பூச்சியமாக இருந்தாலும் அரை மணி நேரம்! அந்த வெட்டுத்துண்டுதான் ஊர்வதும் திரும்புவதும் ஏறி இறங்குவதும். கோட்டின் சாய்வுதான் வேகம். சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் இருக்கிறது என்று அன்றுதான் சிலருக்குத் தோன்றியது. குறுகிய தடத்தில் ஜெட் விமானம் ஏன் நேரத்தைப் பாதியாக்குவதில்லை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம்தான், அதனால் கழித்தால் போதும். சிங்கப்பூரை எடுத்தால் இரண்டரை மணி நேர வித்தியாசம் உண்டு. சீட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். அதை இன்னொரு வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யாழ்ப்பாணத்துக்குத் தூக்கிய ஒரே கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அவள் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. "எங்கட அம்மம்மா அப்படித்தான் சொல்லுவா" என்றாள். ஆனால் அதே அம்மம்மா ஒருமுறை இங்கே வந்துசேர இரண்டு நாள் ஆனதாம். கிட்ட என்றால் ஏன் இரண்டு நாள் என்று அவளுக்கே புரியவில்லை.

ஏழாம் வகுப்பு அறிவியலில் தொலைவு, இடப்பெயர்ச்சி என்று இரண்டைப் பிரித்துச் சொல்கிறோம். அதை நடத்த எனக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பு இரத்மலானையிலிருந்து கிளம்பி, பலாலி வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு போர் வந்தது, அந்த வழி மூடிவிட்டது. பலாலியிலிருந்து வர வேண்டியவர் முதலில் தெற்கே கொழும்புக்குச் சுமார் 400 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். அதுவும் பாதை திறந்திருந்தால். அங்கிருந்து விமானத்தில் 645 கிலோமீட்டர் வடக்கே வர வேண்டும். இடப்பெயர்ச்சி 354, தொலைவு ஆயிரத்துக்கு மேல். வடக்கே வருவதற்காகத் தெற்கே போனார்கள். அம்புக்குறி போட்டு அதைக் கரும்பலகையில் வரைந்தவள் அந்தப் பெண்தான்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11-இல் சென்னையிலிருந்து விமானம் போனது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12-இல் மறுபடியும் தொடங்கியது. ஒரே இரண்டு புள்ளிகள், ஒரே இடப்பெயர்ச்சி. தொலைவு மட்டும் ஆட்சியும் போரும் நோயும் சொல்கிறபடி மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. கணக்கு ஆசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் ஒரே பாடவேளையில் நின்று நடத்த வேண்டிய இடம் இது. இருவருக்கும் ஒரே நேரத்தில் காலி வேளை கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். நாங்கள் மதிய உணவுக்குப் பிந்தைய பாடவேளையை மாற்றிக்கொண்டு சமாளித்தோம்.

இது தேர்வுக்கு வருமா என்று கேட்பீர்கள். பலாலி வராது. பிதாகரஸ் வரும், சராசரி வேகம் வரும், நேரிய சமன்பாடு வரும், இடப்பெயர்ச்சி வரும்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு நடைமுறையில் இரண்டு செய்திகள். விமானம் பார்க்கப் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அனுப்பாதீர்கள். மைதானத்திலிருந்தே திசை நன்றாகத் தெரியும். விமான நேர அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். ஜூனில் எடுத்த நேரங்களை வைத்துக்கொண்டு நவம்பரில் வரைபடம் போட்டால் புள்ளிகள் தள்ளிப்போகும். அந்தந்தப் பருவத்துக்குப் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்; பழைய தாளையும் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைக்கலாம்.